யானைமேல் சரஸ்வதி, வாசலில் பொன்னம்மாள்

பத்மநாபபுரம் அரண்மனையில் வருஷத்துக்கு ஒருநாள் ஒரு வாள் கைமாறும். நவராத்திரிக்கு முன்னால், உப்பரிகை மாளிகையில். மன்னர் காலத்து உடைவாள். கேரளத்திலிருந்து அமைச்சர் வருவார். நம் பக்கத்திலிருந்தும் யாராவது பெரிய மனிதர் வருவார். வேட்டிக் கரைதான் வேறு, சிரிப்பு ஒன்றுதான். ஒருவர் எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் வாங்க, அவர் அடுத்தவர் கையில் கொடுக்க, "சார், ஒரு தடவை இங்க பாருங்க" என்று கேமராக்காரர்கள் கத்த, வாள் மெள்ள வாசலுக்கு வந்து சேரும். ராஜா போய் முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. வாள் மட்டும் இன்னும் பதவியில் இருக்கிறது.

வெளியே யானை நிற்கும். அதன்மேல் தேவாரக்கெட்டு சரஸ்வதி. கம்பர் பூஜித்த சிலை என்பார்கள். சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை பல்லக்கில் வந்திருப்பாள். வேளிமலையிலிருந்து குமாரசுவாமி வந்திருப்பார், வெள்ளிக் குதிரையோடு. இரண்டு பெண்கள் வெளியூர் போவதென்றால் துணைக்கு ஓர் ஆண்பிள்ளை வேண்டாமா? தெய்வமானால் என்ன, ஊர் நாலு விதமாகப் பேசுமே. இரண்டு மாநிலத்துப் போலீசும் துப்பாக்கி ஏந்தி மரியாதை செய்யும். பேண்டு வாத்தியம் முழங்கும். குழித்துறையில் ஒரு ராத்திரி, நெய்யாற்றின்கரையில் ஒரு ராத்திரி, அப்புறம் திருவனந்தபுரம்.

இத்தனை தடபுடலும் எதற்கு? அம்மன் பாட்டுக் கேட்கப் போகிறாள்.

திருவிதாங்கூரின் தலைநகர் ஒரு காலத்தில் நம்முடைய பத்மநாபபுரம். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அது திருவனந்தபுரத்துக்குப் போயிற்று. கூடவே நவராத்திரியும் போயிற்று. சரஸ்வதி மட்டும் வீடு மாறவில்லை. வருஷா வருஷம் போய் வருகிறாள். 1956 நவம்பர் 1 அன்று ஊர் தமிழ்நாட்டுக்கு வந்தது. அரண்மனையை இன்றும் கேரளத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்கிறது. ஆகவே இது இரு அரசுகளும் சேர்ந்து நடத்தும் விழா. முல்லைப் பெரியாற்றில் ஒத்துப்போகாத இரண்டு அரசுகள் ஒரு வாள் விஷயத்தில் ஒத்துப்போகின்றன. சந்தோஷம்.

திருவனந்தபுரத்தில் பத்மநாபசுவாமி கோவிலுக்குப் பக்கத்தில் நவராத்திரி மண்டபம். அங்கே ஒன்பது ராத்திரி கச்சேரி. சுவாதித் திருநாள் மகாராஜா இதற்கென்றே எழுதிய ஒன்பது கிருதிகள். சங்கராபரணத்தில் ஆரம்பித்து ஆரபியில் முடியும். நடுவில் கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி என்று ராகங்களின் பெரிய குடும்பமே வந்து உட்காரும். பாட்டுக்குப் பாட்டு அம்மா, தாயே, காப்பாற்று என்பதுதான் பொருள். ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து கேட்பார்கள். கைதட்டக்கூடாது. இது கச்சேரி இல்லையாம், பூஜையாம்.

நல்லது. இப்போது விஷயத்துக்கு வருவோம். 2006ஆம் ஆண்டு வரை அந்த மண்டபத்தில் ஒரு பெண் பாட முடியாது. ஆண்களோடு சேர்ந்து உள்ளே உட்கார்ந்து கேட்கவும் வழியில்லை.

இன்னொரு முறை படியுங்கள். கச்சேரி சரஸ்வதிக்கு. சரஸ்வதி பெண். கையில் வீணை வைத்திருக்கிற பெண். உலகத்துக்கே பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள் என்று நாமே சொல்லி வைத்திருக்கிற பெண். அவளை யானையில் ஏற்றி, வாள் முன்னே போக, போலீஸ் பின்னே வரக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, "தாயே, இங்கே பெண்களுக்கு அனுமதி இல்லை" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னோம். அவள் சிலையாக இருந்தது நம்முடைய அதிர்ஷ்டம். உயிரோடிருந்தால் எழுந்து வெளியே போயிருப்பாள்.

ஏன் என்று கேட்டால் ஒரே ஒரு பதில். ஐதீகம். இந்த ஐதீகம் ரொம்பவும் கெட்டிக்காரப் பிராணி. மைக்கைக் கண்டால் வழி விடும். வானொலி நேரலையைக் கண்டால் நகர்ந்து இடம் கொடுக்கும். சுவாதித் திருநாள் எந்த ஓலையில் மைக் பற்றி எழுதி வைத்தார்? கேட்காதீர்கள். புடவையைக் கண்டால் மட்டும் அதற்குப் பல் முளைக்கும்.

இதில் கூடுதலாக ஒரு வேடிக்கை உண்டு. திருவிதாங்கூர் மருமக்கத்தாய வம்சம். மகுடம் தாய் வழியில், சகோதரியின் பிள்ளைக்கு வரும். சுவாதித் திருநாள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நாட்டைக் காத்தவர்கள் இரண்டு பெண்கள். அம்மா கௌரி லட்சுமிபாயி. அவர் போன பிறகு சித்தி கௌரி பார்வதிபாயி, 1829 வரை. அந்தச் சித்தி ஆண்டதால்தான் பையனுக்குச் சங்கீதம் படிக்க நேரம் கிடைத்தது. பையன் வளர்ந்தான், பாட்டு எழுதினான். அந்தப் பாட்டைப் பாட அவனுடைய சித்தியின் சாதிக்கு, அதாவது பெண் இனத்துக்கு, இடம் இல்லை என்று ஆயிற்று. நாடு பெண் வழியில் வரலாம். பாட்டு மட்டும் ஆண் வழியில்தான் போக வேண்டும்.

பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் நாடகசாலையைப் பாருங்கள். டிக்கெட் வாங்கிக்கொண்டு எல்லோரும் பார்க்கத்தான் செய்கிறார்கள். கல் தூண்கள். கண்ணாடிபோல் மினுங்கும் கறுப்புத் தரை. குனிந்தால் நம் முகம் தெரியும். அந்தக் கூடத்தின் ஓரத்தில் மரத்தால் அடைத்த ஒரு தடுப்பு. அதில் துளைகள். அரண்மனைப் பெண்கள் அதற்குப் பின்னால் உட்கார்ந்து ஆட்டமும் பாட்டும் பார்ப்பார்களாம். நான் போயிருந்த அன்று ஒரு கல்லூரிப் பெண் அந்தத் துளையில் கண்ணை வைத்துப் பார்த்தாள். ஒரு கண்ணுக்குத்தான் துளை போதும். "ஒரு பக்கந்தான் தெரியுது" என்றாள். கூட வந்த பையன் போனை நீட்டி, "அப்படியே இரு, போட்டோ நல்லா வருது" என்றான்.

அந்தத் தடுப்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கூடத்தின் நடுவில் ஆடினவளும் பெண்தான். அவளை எல்லோரும் பார்க்கலாம், யாரும் மதிக்க மாட்டார்கள். துளைக்குப் பின்னால் இருந்தவளை எல்லோரும் மதிப்பார்கள், யாரும் பார்க்க முடியாது. பார்க்கவும் செய்து மதிக்கவும் செய்யலாமே என்ற யோசனை அந்தக் கூடத்தில் எந்த ஆணுக்கும் வரவில்லை. அவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

இனி பொன்னம்மாள்.

பாறசாலை பொன்னம்மாள் 1924இல் பிறந்தவர். பாறசாலை எங்கே இருக்கிறது? களியக்காவிளை தாண்டினால் அதுதான். சரஸ்வதியின் ஊர்வலம் நாகர்கோவில் சாலையில் போகும் வழியிலேயே இருக்கிறது. அதாவது பாட்டுக் கேட்கப் போகிற தெய்வம், பாடத் தெரிந்தவளின் ஊர் வழியாகத்தான் வருஷா வருஷம் போய்க்கொண்டிருந்தது. ஏறிக்கொள் என்று சொல்லத்தான் ஆளில்லை.

1939இல் திருவனந்தபுரத்தில் சுவாதித் திருநாள் பெயரால் இசைக் கல்விக்கூடம் தொடங்கினார்கள். அதில் சேர்ந்த முதல் மாணவி பொன்னம்மாள். பிறகு அங்கேயே முதல் ஆசிரியை. பிறகு திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல்வர். சுவாதித் திருநாள் கிருதிகளைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குப் பாடம் சொன்னவர். கணக்கைப் பாருங்கள். சுவாதித் திருநாள் பாட்டைப் படிக்கலாம். அதில் பட்டம் வாங்கலாம். அதை ஆண் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கலாம். அந்தப் பிள்ளைகள் மண்டபத்தில் போய்ப் பாடலாம். வாத்தியாரம்மா மட்டும் வெளியே நிற்க வேண்டும். சமையல்காரியை அடுப்படியிலேயே நிறுத்தி வைத்துவிட்டு, அவள் வைத்த பாயசத்தைப் பந்தியில் நான்கு முறை கேட்டு வாங்கிக் குடிக்கிற கூட்டம் நாம். பழக்கம்தான்.

2006இல் அரச குடும்பத்து இசைக்கலைஞர் ராம வர்மாவின் முயற்சியால் கதவு திறந்தது. பொன்னம்மாள் போய் உட்கார்ந்து பாடினார். அப்போது அவருக்கு வயது 81. பதினைந்து வயதில் தகுதி இருந்தவருக்கு எண்பத்தொன்றில் அனுமதி. தாசில்தார் ஆபீசில்கூட ஒரு பட்டா மாறுதலுக்கு அறுபத்தாறு வருஷம் ஆகாது.

பத்திரிகைகள் எழுதின: முந்நூறு வருஷ மரபு உடைந்தது. வாக்கியத்தைக் கவனியுங்கள். உடைந்தது. யாரோ உடைத்தார்கள் என்று இல்லை. யாரோ அதுவரை பிடித்து வைத்திருந்தார்கள் என்றும் இல்லை. அலமாரியிலிருந்து விழுந்த பீங்கான்போலத் தானாகவே உடைந்துவிட்டதாம். அந்த மண்டபத்தின் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள், ஒலி இனிமையாகக் கேட்பதற்காக. ஒரு பெண் பாடினால் அபசாரம் வரும் என்று இத்தனை வருஷம் பயந்தோமே, அன்று அந்தப் பானைகளில் ஒன்றுகூட உடையவில்லை. ஆரபிக்கு அதிர்ந்த அதே அதிர்வுதான். பானைக்கு ஆண் பெண் தெரியாது. பானைக்கு இருந்த அறிவு.

யாரும் மன்னிப்புக் கேட்டதாக நான் படிக்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? பெரிய மனசு பண்ணி அனுமதி கொடுத்திருக்கிறோமே. அடுத்தவன் வீட்டு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனவன், முந்நூறு வருஷம் அதில் வெந்நீர் வைத்துக் குளித்துவிட்டு, ஒருநாள் திருப்பிக் கொடுத்தானாம். ஊர் கூடி அவனுக்குக் கொடைவள்ளல் என்று மாலை போட்டதாம். பொன்னம்மாளுக்கு 2017இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தொண்ணூற்றிரண்டு வயதில். நம் அரசுகள் பெண் கலைஞர்களுக்கு விருது கொடுக்கும் முறையே தனி. அவர்கள் மேடையேற இரண்டு பேர் கைத்தாங்கல் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் கோப்பு நகராது.

இதைக் கேரளத்துக் கதை என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாக மோர் குடிக்கலாம் என்று பார்க்கிறீர்கள். குடியுங்கள். திருவையாறு கேரளத்திலா இருக்கிறது? தியாகராஜர் சமாதி புதர் மண்டிக் கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொந்தப் பணத்தைப் போட்டு, நிலம் வாங்கி, கோவில் கட்டினார். 1925இல் கும்பாபிஷேகம். சரி, ஆராதனையில் அவர் பாடலாமா? கூடாது. பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று ஆண்கள் இரண்டாகப் பிரிந்து மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் சண்டை போட்டவர்கள், பெண்கள் பாடக்கூடாது என்ற ஒரே விஷயத்தில் ஒற்றுமையாக இருந்தார்கள். அந்த அம்மாள் அழவில்லை. 1927இல் பெண்கள் கட்சி என்று ஒன்றைத் தொடங்கிச் சமாதிக்குப் பின்பக்கம் கச்சேரி வைத்தார். கட்டினவருக்குக் கொல்லைப்புறம். முன்வாசலில் வித்வான்கள். 1940 வாக்கில்தான் கட்சிகள் ஒன்றாயின. சென்னை மியூசிக் அகாடமி 1928இல் பிறந்தது. ஒரு பெண்ணுக்குச் சங்கீத கலாநிதி கொடுக்க 1968 ஆயிற்று. அதுவும் எம்.எஸ். சுப்புலட்சுமி என்பதால் வேறு வழியில்லாமல் போயிற்று.

வெள்ளைக்காரன் ஊரில் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்கிறவர்களுக்கும் ஒன்று. ஜாஸ் பாடிய பில்லி ஹாலிடே. 1938இல் நியூயார்க்கில் ஒரு ஹோட்டலில் பாட வந்தார். மேடையில் அவர் குரலுக்கு வெள்ளைக்காரர்கள் உருகினார்கள். மாடிக்குப் போக மட்டும் அவர் சாமான் ஏற்றும் லிஃப்டில் போக வேண்டும் என்றார்கள். முன்வாசல் லிஃப்டில் கறுப்பு முகத்தைப் பார்த்தால் விருந்தாளிகள் சங்கடப்படுவார்களாம். ஹோட்டலின் பெயர் லிங்கன். அடிமைத்தளையை அறுத்தவர் பெயர். வாசலில் சரஸ்வதியின் பெயரை எழுதிவிட்டு உள்ளே பெண்ணை விடாதவர்களுக்கு இந்த ஹோட்டல்காரர் தூரத்துச் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும். ப்ளூஸின் மகாராணி என்று கொண்டாடப்பட்ட பெஸ்ஸி ஸ்மித் 1937இல் இறந்தார். அவர் கல்லறைக்கு ஒரு பெயர்க்கல் வைக்க 1970 ஆயிற்று. ராக் அண்ட் ரோலுக்குப் புகழ் மண்டபம் கட்டியவர்கள், 1986இல் முதல் தவணையில் சேர்த்த பாடகர்களில் ஒருவர்கூடப் பெண் இல்லை. மறுவருஷம் அரீதா ஃபிராங்க்ளின் போனார், முதல் பெண்ணாக. சோல் இசைக்கு ராணி என்று உலகமே பட்டம் கட்டிய பிறகு. மண்டபங்கள் எல்லாம் ஒரே கொத்தனார் கட்டியவை போலிருக்கிறது.

மறுபடி நம் ஊருக்கே வருவோம். பத்மநாபபுரம் இருக்கும் இந்தக் கல்குளம் மண்ணில் பெண்ணின் குரலுக்கு முன்னால் பெண்ணின் மேல்சீலைக்கே வழக்கு நடந்தது. நாடார் பெண்கள் மார்பை மூடினால் அடி. துணி கிழிப்பு. கலவரம். கடைசியில் 1859இல் மகாராஜா பிரகடனம் போட்டார். மூடிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மூடுகிற மாதிரி மூடக்கூடாது! அனுமதி என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல அகராதி கிடையாது. ஆண் மண்டபத்தில் சட்டையைக் கழற்றினால் பக்தி. பெண் சாலையில் சீலை போட்டால் குற்றம். இரண்டும் ஒரே சமஸ்தானம்.

நாஞ்சில் நாட்டுக்காரன் பெண்ணைக் கும்பிடத் தெரியாதவன் என்று யாரும் சொல்ல முடியாது. தெருவுக்குத் தெரு இசக்கி. கதையைக் கேட்டால் பாதிப் பேர் அநியாயமாகச் செத்த பெண்கள். கொன்றுவிட்டு, பிறகு பயந்து, பீடம் கட்டிக் கொடை கொடுக்கிறோம். அந்தக் கொடைக்கு ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு. கொட்டாரம் பக்கத்தில் பூங்கனி என்று ஓர் அம்மாள் இருந்தார். சிறுமியாக வில்லடியில் உட்கார்ந்தவர். ஆண்கள் வீசுகோல் பிடித்த இடத்தில் தானும் பிடித்து, மணி குலுங்க, இசக்கி கதையை விடியும் வரை பாடியவர். பாட்டில் இசக்கி அழுதால் கூட்டம் அழும். கூட்டத்தின் கண்ணீருக்கெல்லாம் காசு வருமானால் அவர் மாளிகை கட்டியிருக்கலாம். முதுமையில் முதியோர் உதவித்தொகையில் நாளைத் தள்ளினார். 2018இல் போய்ச் சேர்ந்தார்.

நாகர்கோவிலில் என்.எஸ். கிருஷ்ணனுக்குச் சிலை இருக்கிறது. இருக்க வேண்டியதுதான். வில்லுப்பாட்டைப் பட்டணம் வரை கொண்டுபோன மனிதர். அவருக்குக் கலைவாணர் என்று பட்டம் கொடுத்தார்கள். கலைவாணர் பட்டம் ஆணுக்கு. கலைவாணி பட்டம் யானைமேல் போகும் சிலைக்கு. நடுவில் தொண்டை கிழியப் பாடின பூங்கனிக்கு மாதம் பிறந்தால் மணியார்டர் வருகிறதா என்று வாசலைப் பார்க்கும் வேலை.

இன்றைக்கு எல்லாம் மாறிவிட்டது என்பார்கள். போன வருஷம் நம் மாவட்டத்தில் ஓர் ஊரில் ஓர் இலக்கிய விழாவுக்குப் போயிருந்தேன். எந்த ஊர், எந்த அமைப்பு என்பது வேண்டாம், நாளைக்கும் முகத்தில் விழிக்க வேண்டும். அழைப்பிதழில் பதினாறு ஆண் பெயர். ஒவ்வொன்றுக்கும் வால் பட்டங்கள். மேலே ஒரு வரி: இறைவணக்கம். எதிரே ஒரு பெண்ணின் பெயர். இசைக் கல்லூரியில் பட்டம் வாங்கிய பெண். அந்தப் பட்டத்தைப் போட அழைப்பிதழில் இடம் போதவில்லை போலும். அவள் போனிலேயே தம்பூராச் செயலியைத் திறந்து, கண்ணை மூடிச் சுருதி சேர்த்தாள். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. மைக் உயரத்தைச் சரிசெய்ய ஓர் ஆள் நடுவிலேயே வந்து குனிந்தார். பல்லவி முடிவதற்குள் தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். "போதும்மா, ரொம்ப நல்லாப் பாடின. நேரமாச்சு" என்றார் ஒருங்கிணைப்பாளர். அவள் செயலியை அணைத்தாள். அதன் பிறகு தலைவர் பேசினார். ஒரு மணி நேரம் நாற்பது நிமிஷம். தலைப்பு: சங்க காலத்தில் பாடினியர் பெற்ற உயர்வு.

நான் எழுந்து ஏதாவது கேட்டேனா? இல்லை. வடை நன்றாக இருந்தது. நானும் அந்த மண்டபத்துக்காரன்தான்.

பொன்னம்மாள் 2021 ஜூனில் காலமானார். 96 வயது. அந்தப் புரட்டாசியிலும் சரஸ்வதி பத்மநாபபுரத்திலிருந்து கிளம்பி, களியக்காவிளை தாண்டி, பாறசாலை வழியாகத்தான் போனாள். கொரோனாக் காலம், ஊர்வலத்தில் அத்தனை கூட்டம் இல்லை. வாள் மட்டும் வழக்கம்போலக் கைமாறியது.